வேர்க்குரல்

எபினேசரின் குரல் மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம், பதினேழு நிமிடம், ஒன்பது நொடி இருந்தது. இசை ஏறாத, கூட்டத்தின் கூச்சல் கலக்காத வெறும் குரல் உலகத்தில் அவ்வளவுதான். அது முழுக்க, அவன் பாட்டுகளைப் பதிந்த சுகிர்தாவின் மூன்று ஹார்ட் டிஸ்குகளில், முகப்பேர் வீட்டின் அலமாரியில், பழைய புடவைக்குள் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

எபினேசருக்கு நாற்பத்தாறு வயது. 'சாம்பல்' என்ற பெயரில் ராப் பாடியவன். மூன்று வருடங்களுக்கு முன் அவன் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கழுத்தில் உள்ள துளை வழியாக மூச்சு, கையில் உள்ள போன் வழியாகப் பேச்சு. போனில் தட்டினால் அது படிக்கும். அதில் இருந்த குரல் பழைய காலத்துச் செய்தி வாசிப்பாளருடையது போல இருக்கும். எண்ணூர்ப் பேச்சை அவன் எண்ணூர்ப் பேச்சாகவே தட்டுவான். அது ஒவ்வொரு எழுத்தையும் மரியாதையாக உச்சரிக்கும்.

"இன்னா டாக்டரம்மா, சாப்டியா, இல்லாங்காட்டி என் கழுத்தத்தான் சாப்டப் போறியா" என்று போன் அன்று நிதானமாக வாசித்தது. ஹசீனா சிரித்துவிட்டாள்.

"நான் டாக்டர் இல்லண்ணா. குரல்பதியம் போடுறவ."

மருத்துவமனையின் நான்காம் மாடியில் அவளுடைய அறை. எபியும், அவன் மனைவி லீமாவும், சுகிர்தாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஹசீனா ஒரு மிளகு அளவு கணினிச் சில்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"இது கழுத்துல தோலுக்கு அடியில இருக்கும். நாக்கு, உதடு, தாடை எப்படி அசையுதுன்னு பார்த்து, அண்ணா பேச நெனக்கிறத சத்தமாக்கும். ஆனா குரல நாங்க செய்ய முடியாது. அவரோட பழைய பதிவுலேர்ந்துதான் எடுத்து ஊனணும்."

"ரோஜாக் குச்சி மாதிரியா?" என்றது போன்.

"அதே மாதிரிதான். எல்லாப் பதிவும் வேணும். அதுல ஒரே ஒரு நிமிஷத்த மட்டும் நீங்களே எடுத்துக் குடுக்கணும். 'இதுதான் நான்'னு நீங்க நெனக்கிற ஒரு நிமிஷம். அதுக்கு வேர்க்குரல்னு பேரு. மத்ததெல்லாம் கிளை. கடைசில உங்க குரல் அந்த வேர் மாதிரிதான் வளரும்."

"புடிக்கலன்னா மாத்திக்கலாமாம்மா?" லீமா கேட்டாள்.

"சில்லுல எழுதுறதுக்கு முன்னாடி எத்தன தடவ வேணா மாத்தலாம்க்கா. எழுதிட்டா அவ்ளோதான். கதிர்வீச்சு குடுத்த கழுத்து, இன்னொரு தடவ திறந்தா மூடாது."

எபி யோசிக்கவே இல்லை. போனில் தட்டினான்.

"ஷிஃப்ட் பாட்டு. இரண்டாவது வெர்ஸ்."

லீமா முகம் மலர்ந்து சுகிர்தாவின் முழங்கையைப் பிடித்தாள். "அந்த வெர்ஸக் கேட்டுத்தான்கா இவர கட்டிக்கினேன். எங்க அம்மா வேணாம்னுச்சு. 'இத மட்டும் ஒரு வாட்டி கேளும்மா'ன்னு ஹெட்போன மாட்டுனேன். கேட்டுட்டு உள்ள போய் முகம் கழுவினு வந்து, 'சரி'ன்னுச்சு."

சுகிர்தா தலையை ஆட்டினாள். அவளுக்குப் பேசவேண்டிய இடத்தில் தலையாட்டிவிட முடிந்தால் எப்போதும் அதையே செய்வாள்.

எல்லாப் பதிவுகளையும் ஒருமுறை கேட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இவர் குரல் மட்டும்' என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பவேண்டும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்கள். "அவசரமில்லக்கா, ரெண்டு வாரம் எடுத்துக்கங்க" என்றாள் ஹசீனா.

சுகிர்தா ஒன்பது நாளில் முடித்தாள். ஒலிப்புத்தக வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு, காலையில் காபியோடு உட்கார்ந்தால் மாலைதான் எழுந்தாள்.

முதல் ஃபைலிலேயே வேன் வந்துவிட்டது.

அவர்களுடைய ஸ்டுடியோ ஒரு மாருதி ஆம்னி. சுகிர்தாவின் அப்பா அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றார். காலை ஒன்பதேகாலுக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுச் சாவியை அவளிடம் கொடுப்பார். மதியம் இரண்டு நாற்பதுக்கு வேன் பள்ளி வாசலில் நிற்கவேண்டும். இடைப்பட்ட நேரம் அவர்களுடையது. எபி ஓட்டுவான். எண்ணூரைத் தாண்டி உப்பளத்துப் பக்கம், லாரிச் சத்தம் எட்டாத இடத்தில் நிறுத்துவார்கள். நான்கு ஜமுக்காளங்களை ஜன்னலில் தொங்கவிட்டு, சீட்டுக்கு நடுவில் மைக்கை நட்டு, கதவைச் சாத்தினால் பதினைந்து நிமிடம் தாங்கும். அதற்கு மேல் போனால் மயக்கம் வரும். கதவைத் திறந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, காற்று வாங்கிவிட்டு மறுபடியும் உள்ளே போவார்கள். அவள் அப்போது பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். ஜமுக்காளம் எந்த அலைவரிசையை உறிஞ்சும், எதை உறிஞ்சாது என்று ஒரு நோட்டில் பட்டியல் வைத்திருந்தாள்.

ஃபைல்களின் தலையிலும் வாலிலும் இருந்ததை அவள் எப்போதும் வெட்டியதில்லை. எல்லாம் அப்படியே இருந்தன.

"சுக்கு, எவனோ சீட்டுக்கு அடியில எலுமிச்ச சோறு கொட்டிக்கிறான். நாறுது."

"அது யுவஸ்ரீ. எல்.கே.ஜி. நீ பாடு."

"யுவஸ்ரீக்கு ஒரு பாட்டு எழுதறேன் இரு. சோத்தக் கொட்னவளே…"

"டேய், பன்னெண்டு நிமிஷம் ஆச்சு. செத்துருவோம். பாடு."

அவன்தான் அவளைச் சுக்கு என்றான். வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வயது எபி நாற்பத்தைந்து வயதுச் சுகிர்தாவின் காதுக்குள் தும்மினான், அதட்டினான், தாளம் தட்டும் மெட்ரோனோமைத் திட்டினான். அவள் இரண்டு முறை சிரித்து, ஒருமுறை எழுந்து போய் ஜன்னலோரம் நின்றாள்.

வேன் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பதற்காக அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். எபி முந்தின நாளே வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவான். அவள் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து, தாளத்தில் எந்தச் சொல் எங்கே விழவேண்டும் என்று தன் குரலிலேயே பாடிப் பதிந்துவிடுவாள். பிறகு கணினியில் அந்தக் குரலின் சுருதியை அவன் குரல் அளவுக்கு இறக்குவாள்; கேட்டால் அவன் பாடியது போலவே இருக்கும். அதற்குக் 'கைடு' என்று பெயர். வேனில் அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்டே மேலே பாடுவான். திரையில் மேல் ட்ராக் எபி, கீழ் ட்ராக் கைடு. பதிவு முடிந்ததும் கீழ் ட்ராக்கின் வாயை அடைத்துவிட வேண்டும். 'ம்யூட்' என்ற ஒரு சின்னப் பொத்தான்தான். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அந்தப் பொத்தான் ஒருமுறையாவது மாறியிருக்கும்.

ஆறாம் நாள் அவள் 'ஷிஃப்ட்' ஃபோல்டருக்கு வந்து சேர்ந்தாள்.

எபியின் அப்பா அனல் மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நிலக்கரி வருகிற பெல்ட்டில் வேலை. இரண்டு மணி ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தார். எழவில்லை. அவர் இறந்த ஐந்தாம் நாள் எபி வரிகளை அனுப்பினான். மறுநாள் வேனுக்கு வந்தான்.

*அப்பன் சட்டையில சாம்பல்*
*அலசுன தண்ணியில சாம்பல்*

என்று முதல் வெர்ஸ் ஓடும். இரண்டாவது வெர்ஸின் முடிவில்தான் அது வரும்.

*ரெண்டர மணிக்கு சைக்கிள் மட்டும் ஊட்டுக்கு வந்துச்சு*
*யாரு ஓட்டினு வந்தாங்கன்னு அம்மா கேக்கவேயில்ல*

பாட்டு வெளியான மூன்றாம் நாள் ஆவடியில் ஒரு ஷேர் ஆட்டோவில் சுகிர்தா அதைக் கேட்டாள். ஒரு மாதத்தில் கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டார்கள். பிறகு பாரிஸ், டொரான்டோ. பெரிய கம்பெனிகள் மூன்று வந்தன. எபி மூன்றையும் திருப்பி அனுப்பினான். "வேன்ல பண்ணத வேன்லயே பண்ணுவோம்" என்றான். பத்து வருடத்தில் ஐந்து ஆல்பம், எல்லாம் அவர்கள் இருவரும் செய்தது. அவன் மேடையில் இருப்பான். அவள் மேடைக்குப் பக்கத்தில், கறுப்புத் துணிக்குப் பின்னால், பொத்தான்களோடு. எந்த ஊராக இருந்தாலும் சைக்கிள் வரிக்கு எபி மைக்கைக் கீழே இறக்கிவிடுவான். பதிவிலிருந்த குரல் தனியாக ஒலிக்கும். ஐயாயிரம் பேர் அசையாமல் நிற்பார்கள். ஒவ்வொரு பேட்டியிலும் அவன் ஒரே மாதிரிதான் சொன்னான்: "அப்பா செத்த ஆறாம் நாள் பாடுனது. அது மாதிரி அப்பறம் எனக்கு வரவேயில்ல."

நாற்பத்தொரு மணி நேரம், பதினேழு நிமிடம், ஒன்பது நொடி. அதில் ஒரு நிமிடம் நான்கு நொடி அவனுடையது அல்ல.

வெளியே போனது மேல் ட்ராக் இல்லை. கீழ் ட்ராக்.

முதல் முறை கேட்டபோது எபியே திகைத்துப் போனான். "நான் இவ்ளோ நல்லாவா பாடுனேன்? இன்னா பண்ண சுக்கு?" என்று கேட்டான். "மிக்ஸிங்" என்றாள். அந்த ஒற்றைச் சொல்தான். அடுத்த நாள் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தாள். சொல்வதற்குள் ஆவடி ஷேர் ஆட்டோ வந்துவிட்டது. அதன்பிறகு இருபத்து நான்கு வருடங்களாக 'ம்யூட் மாறிப்போச்சு எபி' என்ற வாக்கியத்தை அவள் தயாராக வைத்திருந்தாள். பஸ்ஸில் போகும்போது மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பாள். எந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பது என்றுகூடத் தெரியும்.

ஃபோல்டரில் எபியின் அசல் பதிவும் இருந்தது. அதைக் கடைசியாக அவள் கேட்டது இருபத்து நான்கு வருடங்களுக்கு முன். இப்போது மறுபடியும் ஓடவிட்டாள்.

அரைத் தாளம் பிந்தி வந்தான். மூக்கடைத்திருந்தது. சில சொற்கள் பாதியில் விழுங்கப்பட்டன. 'சைக்கிள்' என்றதும் நின்றுவிட்டான். எட்டு நொடி ஜமுக்காளத்தின் நிசப்தம். பிறகு தாளத்தை விட்டுவிட்டு, யாரிடமோ தகவல் சொல்வது போல மீதி வரியைச் சொன்னான். கடைசியில், "சாரி சுக்கு. இன்னொரு வாட்டி முடியாது. இதுலயே ஏதாச்சும் பண்ணிக்க."

அவள் நெடுநேரம் அந்தக் கட்டத்தின் மீது விரலை வைத்திருந்தாள். பிறகு வேர்க்குரல் என்ற இடத்தில் உலகம் கேட்ட அந்த ஒரு நிமிடத்தையே ஏற்றி, 'இவர் குரல் மட்டும்' என்று குறியிட்டாள். அவன் கேட்டது அதைத்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

ஒத்திகைக்கு ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வரச்சொன்னார்கள். எபியின் கழுத்தில் ஹசீனா ஒரு பட்டையை ஒட்டினாள். உள்ளே வைக்கப்போகும் சில்லின் வேலையை இப்போதைக்கு அது செய்யும்.

"ஒண்ணு கேக்கணும்க்கா" என்றாள் சுகிர்தாவைப் பார்த்து. "அந்த வேர்க்குரல் மட்டும் மத்த பதிவோட சரியா ஒட்டல. மிஷின் கொஞ்சம் திணறுச்சு. அழுதுக்கிட்டே பாடுனதாலயா?"

"இருக்கலாம்" என்றாள் சுகிர்தா.

"சரிண்ணா. வாய அசைங்க. என்ன வேணா பேசுங்க."

எபி லீமாவைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"லீமா, மத்தியானத்துக்கு இன்னா கொழம்பு?"

மேசையில் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து குரல் வந்தது. தெளிவான, ஆழமான, அழகான குரல். லீமா வாயைப் பொத்திக்கொண்டாள். "மூணு வருஷம் கழிச்சு வாய் தொறந்து கொழம்பா கேக்குற நீ" என்று அவன் தோளில் குத்தினாள். பிறகு குத்திய இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.

"பாட்டுல வர்ற மாதிரியே கீது" என்றாள் நிமிர்ந்து. "ஊட்டுல பேசுற மாதிரி இல்ல. இதுல உன் சளி இல்ல. ஆனா நல்லா கீது."

"சளி இல்லாம இருந்தா ஒனக்கு வலிக்குதா?" என்றது குரல். எபி சத்தமில்லாமல் சிரித்தான். குரலுக்கும் சிரிக்கத் தெரிந்திருந்தது.

சுகிர்தா அதை அடையாளம் கண்டுகொண்டாள். அந்தச் சிரிப்பு அவளுடையது. போர்வைக்குள் உட்கார்ந்து பதிந்தபோது, வரிக்கு நடுவே அவள் மூச்சு எடுக்கும் அதே இடத்தில் அது மூச்சு எடுத்தது. இருபத்தோரு வயதில் அவளுக்கிருந்த தொண்டை எபியின் கழுத்திலிருந்து பேசிக்கொண்டிருந்தது. இனிமேல் அவன் தன் மகளைக் கூப்பிடுவதும், தூக்கத்தில் முனகுவதும், சாகும்போது கடைசியாகச் சொல்வதும் அதில்தான் இருக்கும்.

"இத்தயே எழுதிடுங்க" என்றான் எபி ஹசீனாவிடம். "இதான் நான்."

"அப்போ பதிவு வச்சிருந்தவங்க கையெழுத்து ஒண்ணு வேணும். ஃபாரம் எடுத்துட்டு வர்றேன்." ஹசீனா எழுந்தாள். லீமா மகளுக்கு போன் செய்ய வராந்தாவுக்குப் போனாள்.

அறையில் இருவர் மட்டும்.

"எபி" என்றாள் சுகிர்தா. "கையெழுத்துப் போட முடியாது."

"ஏன், பேனா இல்லியா?"

"அந்த ரெண்டாவது வெர்ஸ் நீ பாடுனது இல்ல. என் கைடு. ம்யூட் மாறிப்போச்சு எபி."

வாக்கியம் எவ்வளவோ முறை சொல்லிப் பார்த்த அதே அழுத்தத்தோடு வெளியே வந்தது. கழுத்துப் பட்டையில் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப நான் பாடுனது?" அவளுடைய குரல் அவளையே கேட்டது.

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துத் திறந்து, அதை ஓடவிட்டாள். மூக்கடைப்பு. அரைத் தாளம். எட்டு நொடி. 'சாரி சுக்கு.'

எபி கண்ணை மூடியபடியே இருந்தான். முடிந்த பிறகும் மூடியிருந்தான். ஐயாயிரம் பேர் நின்ற மைதானங்கள் ஒவ்வொன்றாக அவனைவிட்டுப் போவதை அவன் முகத்திலேயே அவள் பார்த்தாள். இதற்குத்தான் அவள் இத்தனை வருடம் பயந்தாள்.

"எங்க அப்பாவுக்கு நான் பாடுனேன்னு இருபத்தினாலு வருஷமா சொல்லினு இருந்தேன்" என்றான்.

"நீதான் எழுதுன."

"எழுதுறது வேற சுக்கு."

வராந்தாவில் லீமா மகளிடம், "சத்தியமா பாப்பா, பேசுனாரு, கொழம்பு கேட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

எபி ஒரு பெருமூச்சு விட்டான். அது கழுத்துத் துளை வழியாகச் சீழ்க்கை போல வந்தது. "கோயமுத்தூர்ல நான் தப்பான பாட்ட ஓடவுட்டு, கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ள முன்னாடி கானா சாவுப்பாட்டு கேட்டுச்சே, ஞாபகம் கீதா?"

"ம்."

"யாருக்குத்தான் மாறல. வுடு. ஒரு பொத்தானு." கையை நீட்டி அவள் தலையில் லேசாகத் தட்டினான். "ஆனா இத்த எடுத்துரு. இந்தக் குரல்ல எம் பொண்ணத் திட்டுனா, நீ திட்ற மாதிரி இருக்கும். எனக்கு என் மூக்கொழுவுறதே போதும்."

ஹசீனா வந்ததும் அவனே சொன்னான். "வேர மாத்தணும் தாயி. பழைய பதிவுல ஒரு கொளறுபடி." அவள் மறுபடியும் திரைக்கு முன் உட்கார்ந்தாள். சுகிர்தா கொடுத்த ஃபைலை வாங்கி ஏற்றினாள். பதினோரு நிமிடம் ஆகும் என்றது திரை. அந்த நேரத்தில் ஹசீனா புதுப் படிவத்தில், மாற்றத்துக்கான காரணம் என்ற இடத்தில், 'தவறுதலாக வேறு பதிவு இணைக்கப்பட்டிருந்தது' என்று தட்டி, அச்செடுத்து, சுகிர்தாவின் முன்னால் வைத்தாள்.

"கீழ கையெழுத்துக்கா."

"இப்ப பேசுங்கண்ணா" என்று எபியிடம் திரும்பினாள்.

எபியின் உதடு அசைந்தது. ஒரு கணம் பிந்திக் குரல் வந்தது. கரகரத்த, மூக்கடைத்த, கொஞ்சம் சளி கட்டிய குரல்.

"இன்னா சுக்கு. இந்தச் சின்னத் தப்புக்கா இத்தினி வருஷம் மூஞ்சத் தூக்கினு சுத்துன?"

வேனில் தும்மியவன், மெட்ரோனோமைத் திட்டியவன் இவன்தான். லீமா வாசலில் போனோடு அப்படியே நின்றுவிட்டாள். போனுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் "அப்பாவா? அப்பாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது. பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாள் சுகிர்தா. ஒரு கையெழுத்துதான் பாக்கி. 'தவறுதலாக' என்ற சொல்லின் மேல் பேனாவின் நிழல் விழுந்திருந்தது. அவனைப் பார்த்தாள். மன்னித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான்.

பேனாவைப் படிவத்தின் மேல் படுக்கவைத்தாள்.

"தப்பு இல்ல எபி" என்றாள். ஹசீனாவும் லீமாவும் கேட்கும்படி, கொஞ்சம் உரக்கவே சொன்னாள். "எதுவும் மாறல. அன்னிக்கு ரெண்டையும் போட்டுக் கேட்டேன். என்னுது நல்லா இருந்துச்சு. அதான் உன்னுத ம்யூட் பண்ணேன்."